ரெஜினா சிஸ்டரின் வியாழக்கிழமைகள்

செய்தி ஒரு கேள்வியாக வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம். வார்டு ஆபீஸ் கவுண்டரில் நான் மட்டும் இருந்தேன். காலனிக்குத் தண்ணீர் திறந்துவிடும் வால்வுமேன் நஞ்சப்பா உள்ளே வந்தார். முழங்கால் வரை நனைந்த கால்சட்டை. வாசலிலேயே ஏதாவது கிண்டல் செய்துகொண்டு வருகிற மனிதர். அன்று சுவரைப் பார்த்துக்கொண்டு, தன் கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

"சிஸ்டர் போய்ட்டாங்களாமே சார், நிஜவா?"

"எங்கே?"

"கொள்ளேகால்ல. அக்கா வீட்டுல. மண்ணு போட்டது கூட ஆயித்தாம்."

கொள்ளேகால் பஸ் கண்டக்டர் ஒருவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு யாரும் சொல்லவில்லை. ரெஜினா சிஸ்டர் எங்கள் பகுதிச் சுகாதார மையத்து நர்ஸ். பிறகு விசாரித்தபோது தெரிந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை விடியலில் மாரடைப்பு. புதன்கிழமை அவருடைய அக்கா வீட்டார் சுகாதார மையத்துக்குப் போன் செய்திருக்கிறார்கள். "அவங்க எப்பவும் வார்டு ஆபீஸ்லதான் இருப்பாங்க, அங்க சொல்லிடுங்க" என்று பதில். வார்டு ஆபீஸுக்குப் போன் வந்திருக்கிறது. எடுத்தவர், "அவங்க சுகாதார மையத்து ஸ்டாஃப், அங்க சொல்லுங்க" என்று வைத்துவிட்டார். இரண்டு மேஜைகளுக்கு நடுவில் அந்த மரணம் இரண்டு நாள் நின்றுகொண்டிருந்தது.

நடுவில் ஒரு வியாழக்கிழமை போயிருந்தது. அன்று காலை அவர் வரவில்லை. அக்கா வீட்டுக்குப் போக எடுத்த லீவை நீட்டியிருப்பார் என்று நினைத்தோம். அரை மணி நேரம் நின்றுவிட்டுக் கலைந்தோம். அப்போது அவர் மண்ணுக்குள் இருந்தார்.

நஞ்சப்பா கவுண்டரை விட்டு நகரவில்லை. "இனிமே வியாழக்கிழமை எப்படி சார்?" என்றார்.

நான் மேஜையிலிருந்த மனுக்களை அடுக்க ஆரம்பித்தேன்.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். காலனியில் அவரைத் தெரியாதவர் இல்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுதான் தெரியும். தடுப்பூசி போட வந்தவரைச் சிலருக்கு. காய்ச்சலுக்கு ரத்தம் எடுக்க வந்தவரைச் சிலருக்கு. எனக்குத் தெரிந்த துண்டு இது.

*

நான் அவரை முதலில் பார்த்தது ஒரு பாட்டிலோடு.

பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. முடித்து, வேறு வேலை கிடைக்காமல், வார்டு ஆபீஸில் தற்காலிகக் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். புகார் மனுக்களை வாங்குவது என் வேலை. கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்த தமிழ்க் குடும்பங்கள் அந்தக் காலனியில். தமிழில் சொல்வார்கள், நான் கன்னடத்தில் எழுதுவேன். பின்னால் மூன்று மரப்பெட்டிகள். தண்ணீர், சாக்கடை, சுகாதாரம். எழுதி, உரிய பெட்டியில் போட வேண்டும்.

'தண்ணீர் நாறுகிறது' என்று ஒரு மனு வந்தது. தண்ணீர்ப் பெட்டியில் போட்டேன். 'மாதிரி எடுத்துப் பார்த்தோம், சுத்தமாக உள்ளது, சாக்கடைப் பிரிவு பார்க்கவும்' என்று திரும்பியது. அடுத்த பெட்டி. 'அடைப்பு ஏதும் இல்லை, சுகாதாரப் பிரிவு பார்க்கவும்.' அடுத்த பெட்டி. 'குளோரின் மாத்திரை வழங்கப்பட்டது.' மூன்று கையெழுத்துகள். நான் கோப்பை மூடினேன். ஒரு வட்டம் நிறைவடைந்தது போல இருந்தது. உண்மையில் திருப்தியாக இருந்தது.

மறுவாரம், வெள்ளைச் சேலை, நீல பார்டர், தோளில் கனமான பை. நாற்பதைத் தாண்டியவர். ஒரு பாட்டிலை என் மேஜையில் வைத்து மூடியைத் திறந்தார்.

"மோந்து பாருங்க."

பார்த்தேன். தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"இது எந்தப் பெட்டிங்க?"

நான் கோப்பைக் காட்டினேன். தண்ணீர்ப் பிரிவின் ஆய்வு அறிக்கையைக் காட்டினேன். அவர் நேரத்தை மட்டும் படித்தார்.

"பதினோரு மணிக்கு வந்திருக்காங்க. சாக்கடைக்காரங்க மத்தியானம். எங்காளுங்க சாயந்தரம். தண்ணி வர்றது காலைல ஆறரைக்குங்க. திங்கக்கெழமையும் வியாழக்கெழமையும். மொதல் பத்து நிமிஷம் கறுப்பா வரும். அப்புறம் தெளிஞ்சுரும். அந்தப் பத்து நிமிஷத்துல யாரு வந்து பாத்தாங்க?"

யாரும் இல்லை.

"அப்ப இந்த மூணு கையெழுத்தும் நெஜந்தான். தண்ணி நாறுறதும் நெஜந்தான்." பாட்டிலை மூடினார். "வியாழக்கெழமை ஆறேகாலுக்கு வாங்க. எம்.ஏ. படிச்சிருக்கீங்களாமே, சீக்கிரம் எந்திரிக்கச் சொல்லித் தந்தாங்களா?"

அன்றிலிருந்து கடைசி வரை என்னை 'எம்.ஏ.' என்றுதான் கூப்பிட்டார். என் பெயர் அவருக்குத் தெரியுமா என்று கடைசி வரை எனக்கு உறுதியில்லை.

*

முதல் வியாழக்கிழமை. தனம் என்பவரின் வீட்டு வாசல். கணவர் கட்டட வேலை, இவர் வீட்டு வேலை. நான்கு வயதில் ஒரு மகள், செல்வி.

நஞ்சப்பா வந்திருந்தார். சாக்கடைப் பிரிவிலிருந்து பழனி மேஸ்திரி. தர்மபுரிக்காரர், சத்தமாகப் பேசுபவர். இருவரும் ஒரே தெருவில் பத்து வருடம் வேலை செய்திருக்கிறார்கள். ஒரே நேரத்தில் நின்றதில்லை. ஒருவர் மூடிய பள்ளத்தை மற்றவர் தோண்டியிருக்கிறார், அவ்வளவுதான் பழக்கம்.

வந்ததும் ஆரம்பித்துவிட்டார்கள்.

"உங்க சாக்கடைச் சேம்பர் லீக் மேஸ்திரி. நம்ம பைப்புல ஏன் வாசனை வரும்?"

"யோவ், என் சேம்பர் கல்லு மாதிரி இருக்குது. உன் பைப்பு என் தாத்தா காலத்துது."

சிஸ்டர் கையை உயர்த்தினார். "வீட்டுக்காரம்மா மொதல்ல பேசோணும். அவங்க முடிக்கிற வரைக்கும் ஆபீஸ்காரங்க யாரும் வாயத் தொறக்கப்படாது. எம்.ஏ., உங்களையுந்தான்."

தனம் பேசினார். முதல் குடத்தைக் கொட்டிவிடலாம், ஆனால் தண்ணீர் நாற்பது நிமிடம்தான் வரும், கீழ்க்கோடி வீடு, கொட்டினால் பிற்பாடு போதாது. அதனால் துணியில் வடிகட்டிப் பிடித்து வைப்பதாகச் சொன்னார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் என் கோப்பில் இல்லாதவை எல்லாம் இருந்தன.

ஆறரைக்குத் தண்ணீர் வந்தது. கறுப்பாக.

பிறகு தனம் உள்ளே போய், ஆபீஸ்காரர்கள் எங்கள் மூவருக்கும் மூன்று டம்ளரில் காபி கொண்டுவந்தார். நாங்கள் வாங்கிக்கொண்டோம். யாரும் குடிக்கவில்லை.

"எனக்கு ஷுகர் இருக்கும்மா" என்றார் நஞ்சப்பா.

"இப்பத்தான் டீ குடிச்சிட்டு வந்தேன்" என்றார் பழனி.

நான் டம்ளரை ஊதிக்கொண்டே இருந்தேன்.

"நல்லாக் கொதிக்க வச்சதுதான் சார்" என்றார் தனம். "எம் பொண்ணு பச்சையாவே குடிக்கிறா."

ரெஜினா சிஸ்டர் எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்தார். "மூணு பேருக்குமே தெரியுது என்ன நோவுன்னு. இனி லேபுக்கு எதுக்குங்க அனுப்போணும்? எங்க தோண்டறதுன்னு மட்டும் பேசுங்க."

அன்று பேசினார்கள். கெட்ட வார்த்தை கலந்துதான். ஆனால் ஒரே குழியைப் பற்றிப் பேசினார்கள்.

*

இனி எழுதுவது என் தவறு.

தெருவைத் தோண்ட எங்கள் ஆபீஸிலிருந்து ஓர் உத்தரவுத் தாள் போக வேண்டும். சிஸ்டர் தன் பதிவேட்டைப் பார்த்து, தனத்தின் வீடு பதினேழு என்றார். 'கதவு எண் 17 எதிரில் தோண்டிப் பார்க்கவும்' என்று தட்டச்சு செய்து அனுப்பினேன். நஞ்சப்பா அந்த வாரம் வேறு வார்டில். தோண்ட வந்தவர்கள் கான்டிராக்ட் ஆட்கள். பதினேழாம் எண் கதவைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். தோண்டினார்கள். பைப் நன்றாக இருந்தது. 'கசிவு இல்லை' என்று எழுதி மூடிவிட்டார்கள்.

காலனியில் பேச்சு வேறு மாதிரி பரவியது. தோண்டியாயிற்று, சரிசெய்துவிட்டார்கள். சிஸ்டர் சொல்லியிருந்தபடி அது வரை கொதிக்க வைத்துக்கொண்டிருந்த தனம், திங்கட்கிழமை வந்த கறுப்பைப் பழைய அழுக்கு என்று நினைத்து முதல் குடத்தை மட்டும் கொட்டினார். அடுத்த குடத்தை வடிகட்டவில்லை, கொதிக்க வைக்கவில்லை. ஆபீஸ்காரர்கள் சரிசெய்த தண்ணீர்.

புதன்கிழமை சிஸ்டர் கவுண்டருக்கு வந்தார். உட்காரவில்லை. உத்தரவின் நகலைக் கேட்டார். படித்துவிட்டு, "எந்த நிறம்?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. என்னை அழைத்துப்போய் தனத்தின் கதவுக்கு முன்னால் நிறுத்தினார். பூட்டியிருந்தது. பலகையில் மூன்று எண்கள். நீலத்தில் 17, மலேரியா கணக்கெடுப்புக்காகச் சுகாதாரத் துறை எழுதியது. கறுப்பில் 52, வரிக்காக. சிவப்பில் 9, தண்ணீர் இணைப்புக்காக. தோண்ட வந்த கான்டிராக்ட் ஆட்களை அனுப்பியது தண்ணீர்ப் பிரிவு. அவர்கள் படிப்பது சிவப்பு. சிவப்பு 17 அடுத்த சந்தில் இருந்தது.

எம்.ஏ. தேர்வில் உள்ளாட்சி நிர்வாகம் பற்றிப் பதினாறு பக்கம் எழுதியவன் நான். அந்தக் கதவைத் தாண்டி எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். படித்ததில்லை.

"நம்பர் நான் குடுத்தது" என்றார் சிஸ்டர். "நிறத்தச் சொல்லல. பாதி என்னுது. பாதி உங்குளுது. கெளம்புங்க."

"எங்கே?"

"பெரியாஸ்பத்திரிக்கு. செல்விக்கு நேத்திருந்து வாந்தி, பேதி. கண்ணு உள்ள போயிருச்சு. தனத்துகிட்டச் சொல்லோணுமில்லீங்க, யாரால ஆச்சுன்னு."

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மறைப்பதில் பயனில்லை. "எழுத்துமூலமா ஒரு விளக்கம் கொடுத்துடலாமே சிஸ்டர்" என்றேன்.

"தனத்துக்குப் படிக்கத் தெரியாதுங்க."

நடந்து போனோம். அவர் திட்டியிருக்கலாம். எனக்கு அது வசதியாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பாயில் செல்வி. கையில் ஊசி, மேலே தலைகீழாகத் தொங்கும் பாட்டில். உதடு வெடித்திருந்தது. சிஸ்டர் தனத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நடந்ததை நடந்த வரிசையில் சொன்னார். தன் பாதியை முதலில். பிறகு என்னைப் பார்த்தார். என் பாதியை நான் சொன்னேன்.

தனம் வெகுநேரம் பாட்டிலில் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு ஆபீஸ்காரங்களும் வந்து எழுதும்போது கதவு ஆடாம புடிச்சிக்கிட்டு நின்னது நாந்தாங்க" என்றார். "எதுக்குன்னு ஒருத்தரும் சொல்லல. நானும் கேக்கல."

மன்னித்தாரா என்று தெரியாது. கேட்கிற தைரியம் இன்றுவரை வரவில்லை.

மறுநாள் வியாழன். நீலம் பதினேழுக்கு எதிரில் நஞ்சப்பாவும் பழனியும் சேர்ந்து தோண்டினார்கள். தண்ணீர் பைப் சாக்கடைத் தொட்டியின் சுவரைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. தொட்டிக்குள் அதன் மூட்டு விட்டிருந்தது. தண்ணீர் வராத நாட்களில் காலி பைப் சாக்கடையை உறிஞ்சிக்கொண்டது. வருகிற நாளில் முதல் பத்து நிமிடம் அதைத் திருப்பித் தந்தது.

"தொட்டி கட்டினது யாரு?" "பைப்பைக் குறுக்கே விட்டது யாரு?" குழிக்குள்ளேயே ஆரம்பித்தார்கள்.

"சண்டைய மத்தியானம் வச்சுக்குங்க" என்றார் சிஸ்டர் மேலிருந்து. "பன்னண்டு மணிக்கு நானும் வர்றேன், எனக்கும் ரெண்டு பேரையும் திட்ட வேண்டியதிருக்குது. இப்ப அந்த மூட்ட மாத்துங்க."

பன்னிரண்டு மணிக்கு யாரும் சண்டைக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் செல்வி இட்லி கேட்டாள்.

*

அதன் பிறகு வியாழக்கிழமை நிலைத்துவிட்டது. உத்தரவு எதுவும் இல்லை. கூட்டம் என்ற பெயர்கூட இல்லை. ஒரு வாசலில் நிற்போம். வீட்டுக்காரர் பேசுவார். பிறகு நாங்கள். காலனியின் எல்லாக் கதவுகளையும் பார்த்து, மூன்று நிறங்களின் எண்களையும் ஒரே வரிசையில் எழுதி, கார்பன் வைத்து நான்கு நகல் தட்டச்சு செய்தேன். ஆளுக்கு ஒன்று. நான் படித்த படிப்பு பயன்பட்ட ஒரே இடம் அது என்று சில சமயம் நினைப்பேன்.

ஆனால் சிஸ்டருக்கு அது வசதியாக முடியவில்லை. தடுப்பூசி இலக்கு குறைகிறது என்று மையத்தில் கேட்டார்கள். 'வியாழக்கிழமை காலைகளில் பணியிடத்தில் இல்லாததற்கு விளக்கம் தரவும்' என்று ஒரு மெமோ. அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பதிலை அவர் சொல்ல, நான் தட்டினேன். ஒரே வரி: 'வியாழக்கிழமை காலைகளில் காலனியில் பணியில் இருந்தேன்.'

"முதல்ல 'பணிவுடன்'னு சேர்க்கணும் சிஸ்டர்."

"சேத்துக்குங்க. காகிதம் உங்குளுதுதானுங்களே."

சிரித்தார். கையெழுத்துப் போடும்போது சிரிப்பு இல்லை. மையத்தில் அவருக்கு ஒரு நாற்காலி இருந்தது. அதில் இப்போது வேறொருவருடைய பொருள்களை வைத்திருந்தார்கள். எங்கள் ஆபீஸில் அவருக்கு நாற்காலி இல்லை. பெஞ்சில் மனுதாரர்களோடு உட்காருவார். எல்லா ஆபீஸுக்கும் நடுவில் நிற்பவர் எந்த ஆபீஸின் குரூப் போட்டோவிலும் இருப்பதில்லை. இப்போது அவர் படம் ஒன்று தேடினேன். கிடைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். கொள்ளேகால் பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அவர் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"பஸ் போகுது சிஸ்டர்."

"அடுத்தது இருக்குதுங்க."

அடுத்ததும் வந்தது. போனது. நானும் உட்கார்ந்தேன்.

"போனதும் அக்கா மொதல்ல கேக்கறது, எப்பக் கெளம்பறேன்னுதான்" என்றார், பஸ்ஸைப் பார்த்தபடி. "தப்பா ஒண்ணும் கேக்கறதில்ல. சோறு எத்தன பேருக்கு வடிக்கோணும்னு தெரியோணுமில்ல அவங்களுக்கு." பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "இங்க ரூமுக்குப் போனா அதக் கேக்கக்கூட ஆளில்ல" என்றார்.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ஒரு வீட்டில் என்ன குறை என்று கேட்க அவரிடம் பழகியிருந்தேன். அவரிடம் கேட்கப் பழகவில்லை. மூன்றாவது பஸ்ஸில் ஏறினார். ஜன்னலிலிருந்து, "வியாழக்கெழமை லேட்டா வராதீங்க எம்.ஏ." என்றார்.

*

அவர் இறந்த செய்தி வந்த அடுத்த புதன்கிழமை, சுகாதார மையத்திலிருந்து எங்கள் ஆபீஸுக்கு ஒரு கடிதம் வந்தது. வியாழக்கிழமை ஏற்பாடு அன்னாரின் தனிப்பட்ட ஏற்பாடு என்றும், அதற்கு மாற்று ஊழியர் அனுப்ப இயலாது என்றும். கடிதத்தில் தவறு எதுவும் இல்லை. எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாமல் என் மேஜையிலேயே வைத்தேன்.

மறுநாள் ஆறேகாலுக்குப் போனேன். நஞ்சப்பா வந்திருந்தார். பழனி வந்தார். யாரும் யாரையும் அழைத்திருக்கவில்லை. எந்த வாசல் என்று முடிவுசெய்பவர் இல்லாததால் தெரு முனையில் நின்றோம். ஆறரைக்குத் தண்ணீர் வந்தது. தெளிவாக. அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பழனி மேஸ்திரி மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன். "என்னத்தச் சொல்றது" என்றார். அவ்வளவுதான் எங்கள் இரங்கல் கூட்டம்.

கலையலாம் என்று திரும்பியபோது கீழ்ச்சந்திலிருந்து ஒரு பெண் வந்தார். இடுப்பில் குழந்தை. புதிதாகக் குடிவந்தவர்கள்.

"வியாழக்கெழம வந்தா ஆபீஸ்காரங்க இருப்பாங்கன்னு சொன்னாங்க. நர்ஸம்மா எங்கங்க?"

பழனி நஞ்சப்பாவைப் பார்த்தார். பிறகு நஞ்சப்பா, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார்.

அவர் வீட்டுத் தகரச் சுவரை ஒட்டி ஒரு மின்கம்பம். மழை பெய்தால் சுவரைத் தொட முடியவில்லை, கை சுரீரென்கிறது. குழந்தை தவழ்ந்து அந்தப் பக்கம்தான் போகிறது. சொல்லி முடிக்கும் வரை யாரும் குறுக்கே பேசவில்லை.

தண்ணீர் இல்லை. சாக்கடை இல்லை. என் பெட்டிகள் எதிலும் இல்லை. மின்சார ஆபீஸ் ரயில்வே கேட்டைத் தாண்டி இருக்கிறது. அந்தத் திசையைக் காட்ட என் கை பாதி எழுந்துவிட்டது. நஞ்சப்பா அதைப் பார்த்தார்.

கையை இறக்கிக்கொண்டேன். "வாங்க, போகலாம்" என்றேன்.

"கரண்டு ஆளு வர்ற வரைக்கும் அந்தச் சுவருகிட்ட குழந்த போவாம ஒரு பலகை வச்சி மறைச்சிடறேன்" என்றார் பழனி. நஞ்சப்பாவும் அவரோடு போனார்.

நாங்கள் இருவரும் நடந்தோம். இடுப்பில் குழந்தை தூங்கிவிட்டது. வழியில் அந்தப் பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சார், நீங்க கரண்டு ஆபீஸா?"

"இல்லைங்க."

"அப்ப எந்த ஆபீஸு?"

சொன்னேன். அவருக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் அவ்வளவாகப் புரியவில்லை.

மின்சார ஆபீஸ் பூட்டியிருந்தது. மணி ஏழரை. பத்து மணிக்குத்தான் திறப்பார்கள் என்பதை நான் யோசிக்கவே இல்லை. சிஸ்டர் யோசித்திருப்பார்.

"நீங்க கெளம்புங்க சார். நான் இருந்து பாத்துக்கறேன்" என்றார் அந்தப் பெண்.

ரெஜினா சிஸ்டரின் துணிச்சல் எனக்கு இல்லை. அவருடைய நாக்கு இல்லை. நான்கு பேரை ஒரு வாசலில் நிறுத்தும் திறமை எனக்கு வருமா என்று தெரியாது. என்னிடம் அவர் விட்டுப்போனது ஒன்றுதான். ஒருவர் தனியாகக் காத்திருக்க வேண்டிய இடத்தில், அது என் வேலையா என்று தெரியாமலே பக்கத்தில் உட்கார முடிகிறது.

படியைத் துடைத்துக் கொடுத்தேன். அவர் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். பத்து மணி வரை இருந்தோம்.